விமானம் தேடிப் போனால் பாட்டு வருகிறது: வி.எச்.எஃப் ரிசீவர் சந்தேகம்

#1 புதுக்காது

வணக்கம். இங்கே நான் தொடங்கும் முதல் இழை இது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையடக்க ரிசீவர் ஒன்று கிடைத்திருக்கிறது. 108 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது விமான அலைவரிசை மட்டும் எடுக்கும். வெளி ஆன்டெனா மாட்ட ஒரு சாக்கெட், அலைவரிசைக்கு ஒரு திருகு, ஒலிக்கு ஒன்று, யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் மண்டையைக் குடைகிறது. முதலாவது, 119.4-இல் பாட்டு கேட்கிறது. நிஜமான பாட்டு, நடுநடுவே அறிவிப்பாளர் பேச்சு வேறு. வாயில் துணியை அடைத்துக்கொண்டு பாடுவது போலக் கொரகொரவென்று இருக்கிறது. இரண்டாவது, விமானிகள் பேசுவது பளிச்சென்று கேட்கிறது, ஆனால் தரையிலிருந்து பதில் சொல்பவர் குரல் வருவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன் பேசுவதை ஒட்டுக்கேட்டது போலப் பாதிப் பேச்சுதான் கிடைக்கிறது.

ரிசீவர் பழுதா, இல்லை எனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லையா?

#2 எஸ்டிஆர்_பையன்

பழுதெல்லாம் இல்லை நண்பா. சிக்னல் போதவில்லை. ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுப் பார். இரண்டும் சரியாகிவிடும்.

#3 பழைய_வால்வு

தம்பி புதுக்காது, இப்போதைக்கு ஆம்ப்ளிஃபயர் போட வேண்டாம். காரணம் பிறகு தானே தெரியும்.

இரண்டாவது கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். வி.எச்.எஃப் என்பது 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளத்தில் சொன்னால் 10 மீட்டர் முதல் 1 மீட்டர் வரை. சிற்றலையை அயனி மண்டலம் திருப்பி அனுப்பும், அதனால்தான் அது கடல் தாண்டி வருகிறது. வி.எச்.எஃப் பெரும்பாலும் அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆக நமக்கு மிஞ்சுவது நேர்ப்பார்வைத் தூரம்தான். காற்று அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதால் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிடச் சற்று அதிகம் கிடைக்கும். கணக்கு இப்படி: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். இரு முனைக்கும் தனித்தனியே போட்டுக் கூட்ட வேண்டும்.

10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு வர்க்கமூலம் 100. அதாவது 412 கிலோமீட்டர். தரை நிலையத்தின் ஆன்டெனா 25 மீட்டர் உயரம் என்று வையுங்கள்: 4.12 × 5, ஏறக்குறைய 21 கிலோமீட்டர். உங்கள் ஆன்டெனா 4 மீட்டரில் இருந்தால் இன்னும் 8. மொத்தமே 29. எனவே 300 கிலோமீட்டர் தள்ளிப் போகிற விமானி உங்கள் காதில் பேசுவார், 40 கிலோமீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் குரல் வராது. அவர் பேசுவது விமானிக்குக் கேட்கிறது, ஏனென்றால் விமானி மேலே இருக்கிறார். எந்த ஆம்ப்ளிஃபயரும் பூமியின் வளைவை நிமிர்த்தாது.

பாட்டு விஷயம் சுவாரசியமானது. அதற்கு ஒரு கேள்வி: உங்கள் பகுதியில் பலமாக வரும் பண்பலை நிலையங்கள் எந்தெந்த எண்ணில் இருக்கின்றன?

#4 மௌனவாசகி

இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம், கேட்டே விடுகிறேன். வி.எச்.எஃப் அடிவானம் தாண்டாது என்றால், எப்போதாவது சில நாள் முன்பின் கேட்டிராத பண்பலை நிலையம் திடீரென வந்து போகிறதே, அது எப்படி?

#5 பழைய_வால்வு

நல்ல கேள்வி அம்மா. "பெரும்பாலும்" என்று நான் எழுதியது அதற்காகத்தான். அயனி மண்டலத்தின் ஈ அடுக்கில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், சில சமயம் அடர்த்தியான திட்டுகள் உண்டாகும். அவை பண்பலை அலைவரிசையைக்கூடத் திருப்பி அனுப்பும். நிலையம் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சில நிமிடத்தில் மறைந்தும் போகும். இன்னொரு வகை, கீழ் வளிமண்டலத்தில் குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று போர்வை போலப் படிவது. அந்த இடைவெளி குழாய் மாதிரி அலையை வழிநடத்தும். கடல் மேல் இது அதிகம்.

எரிகற்கள் வேறு இருக்கின்றன. அவை எரியும்போது விட்டுப் போகும் அயனித் தடத்தில் பட்டு, அடிவானத்துக்கு அப்பாலுள்ள நிலையம் ஒரு நொடி, அரை நொடி "ப்ளிப்" என்று தலைகாட்டும். உள்ளூரில் யாரும் பயன்படுத்தாத ஒரு பண்பலை எண்ணில் இரவெல்லாம் வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் என்னைப் பற்றி இதையெல்லாம் வைத்துத்தான் பேச்சு.

#6 புதுக்காது

வால்வு ஐயா, அந்த 4.12 கணக்கு அருமை. உடனே மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தரைக்காரர் குரல் லேசாக, இரைச்சலுக்குள் கேட்டது!

பலமான நிலையங்கள்: 93.4, 98.0, 104.8, 106.4. வேறு சில உண்டு, ஆனால் அவை சுமார்தான்.

#7 பழைய_வால்வு

98.0. ஆளைப் பிடித்தாகிவிட்டது.

98.0 உடன் 21.4-ஐக் கூட்டுங்கள். 119.4 வரும்.

#8 டெசிபெல்

அவசரப்படாதீர்கள் வால்வு. 106.4-ஐ இரட்டித்தால் 212.8. அதில் 93.4 கழித்தால்? அதுவும் 119.4. இரண்டு பலமான நிலையங்கள் ரிசீவரின் முதல் கட்டத்தில் ஒன்றோடொன்று கலந்து மூன்றாவதாக ஒன்றைப் பெற்றெடுப்பது எனக்குப் பழக்கமான கதை. உங்கள் விடையும் என் விடையும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. எது உண்மை என்று சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

#9 புதுக்காது

இருவரும் கூட்டிக் கழித்து விளையாடுகிறீர்கள். 21.4 எங்கிருந்து வந்தது?

#10 பழைய_வால்வு

சரி, உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆன்டெனாவில் எல்லாமே ஒன்றாக வந்து இறங்குகின்றன. பண்பலை, விமானம், கப்பல், டாக்ஸி, எல்லாம். இதில் உங்களுக்கு வேண்டியது ஏழெட்டுக் கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கீற்று. 120 மெகாஹெர்ட்ஸில் அவ்வளவு ஒல்லியான வடிகட்டியை, அதுவும் திருகினால் நகரும்படி, சுருளும் மின்தேக்கியும் வைத்துக் கட்ட முடியாது. ஒரே எண்ணில் அசையாமல் நிற்கும் வடிகட்டி என்றால் கட்டலாம். எனவே வடிகட்டியைச் சிக்னலிடம் கொண்டு போவதற்குப் பதில், சிக்னலை வடிகட்டியிடம் கொண்டு வருகிறோம். 1918-இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்ட வழி இது. சூப்பர்ஹெட்டரோடைன் என்று பெயர், சுருக்கமாக சூப்பர்ஹெட்.

செய்வது இவ்வளவுதான். ரிசீவருக்குள்ளேயே அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஒன்று இருக்கும். அதையும் வரும் சிக்னலையும் மிக்சரில் சேர்த்தால் இரண்டின் வித்தியாசம் வெளியே வரும். அந்த வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும்படி ஆஸிலேட்டரைத் திருகுகிறோம். அதுதான் ஐ.எஃப், இடைநிலை அதிர்வெண். வி.எச்.எஃப் ரிசீவர்களில் நெடுங்காலமாக 10.7 மெகாஹெர்ட்ஸ் வழக்கம். அதற்கான பீங்கான் வடிகட்டிகள் எங்கும் கிடைப்பதால் உங்களுடையதும் அதுவாகவே இருக்கும் என்று யூகிக்கிறேன்.

நீங்கள் 119.4-க்குத் திருகும்போது உள் ஆஸிலேட்டர் 108.7-இல் ஓடுகிறது. வித்தியாசம் 10.7, சரிதானே? ஆனால் மிக்சருக்கு மேலே, கீழே என்ற பாகுபாடு கிடையாது. 108.7-க்குக் கீழே 10.7 தள்ளி இருக்கும் 98.0-உம் அதே 10.7 ஆகத்தான் வெளியே வரும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே எண்ணாகிவிட்டன. இதைப் பிம்ப அலை என்கிறோம். வேண்டிய அலைக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி ஐ.எஃப்பின் இரு மடங்கு. அதுதான் 21.4.

மிக்சருக்கு முன்னால் ஒரு சுருள் வடிகட்டி காவலுக்கு நிற்கும். அதன் க்யூ, அதாவது கூர்மை, 50 என்று தாராளமாக வைத்தாலும் 98.0-ஐச் சுமார் 26 டெசிபெல்தான், அதாவது திறனில் 400-இல் ஒரு பங்காகத்தான், அமுக்கும். பண்பலை நிலையம் ஆயிரக்கணக்கான வாட்டில் பக்கத்தில் நின்று கத்துகிறது. விமான ரேடியோ பத்து இருபது வாட், அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. 26 டெசிபெல் காவலாளியை 98.0 தோளில் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடும்.

#11 மௌனவாசகி

அப்படியானால் சாதாரணப் பண்பலை ரேடியோவிலும் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் வர வேண்டுமே? வருவதில்லையே.

#12 பழைய_வால்வு

10.7-இன் அழகே அதுதான். பண்பலை 87.5 முதல் 108 வரை, அகலம் 20.5. பிம்ப இடைவெளி 21.4. ஆக எந்தப் பண்பலை நிலையத்தின் பிம்பமும் இன்னொரு பண்பலை நிலையத்தின் மேல் விழ முடியாது. 87.5 உடன் 21.4 கூட்டினால் 108.9, அலைவரிசைக்கு வெளியே போய்விடுகிறது. குடும்பத்துக்குள் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் விமானக்காரர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போகிற போக்கில் இன்னொன்று. பண்பலை ரேடியோவில் உள் ஆஸிலேட்டர் வழக்கமாகச் சிக்னலுக்கு மேலே 10.7-இல் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸ் நிலையம் கேட்டால் உள்ளே 110.7. அது சிறிதளவாவது வெளியே கசியும். 108 முதல் 118 வரை விமானங்கள் வழியறியவும் ஓடுபாதையை நேர்பிடிக்கவும் பயன்படுத்தும் இடம். விமானத்துக்குள் கையடக்க ரேடியோ கூடாது என்று சொல்வது ஏன் என்று இப்போது புரியும்.

#13 டெசிபெல்

பாடம் நன்று, ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. புதுக்காது, மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, பக்கத்தில் இன்னொரு பண்பலை ரேடியோவை 98.0-இல் வைத்து, இரண்டிலும் ஒரே பாட்டுதானா என்று கேளுங்கள். என் கணக்குச் சரியென்றால் 93.4-உம் 106.4-உம் கலந்த கூழ்தான் வரும். இரண்டு, வால்வு சொல்வது பிம்பம் என்றால் மற்ற நிலையங்களுக்கும் பிம்பம் இருந்தாக வேண்டும். 114.8, 126.2, 127.8 மூன்றிலும் தேடுங்கள். மூன்று, ஆன்டெனாவைச் சுருக்குங்கள். பிம்பம் என்றால் விமானங்களின் குரல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் பாட்டும் குறையும். கலப்பு என்றால் சிக்னல் 1 டெசிபெல் குறைய, கலப்பு 3 டெசிபெல் குறையும். சட்டென்று காணாமல் போகும்.

#14 சால்டர்வாசம்

ஆம்ஸ்ட்ராங் பெயர் வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. 1922-இல் அதே மனிதர் செய்த சூப்பர்ரீஜெனரேட்டிவ் ரிசீவரைப் பற்றி யாருமே பேசவில்லையே! ஒரே டிரான்சிஸ்டர். அது ஊசலாடத் தொடங்கும் விளிம்பில் நிற்கும். ஊசலாட்டம் எழும்போதே அடக்கி, மறுபடி எழவிட்டு, நொடிக்குப் பல்லாயிரம் தடவை இப்படிச் செய்வார்கள். சிக்னல் வந்தால் ஊசலாட்டம் கொஞ்சம் முன்னதாக எழும். அந்த வித்தியாசம்தான் ஒலி. சிக்னல் இல்லாதபோது அருவி மாதிரி ஒரு "ஸ்ஸ்ஸ்". பொம்மைக் கார்களில் நெடுங்காலம் இதுதான் இருந்தது.

நான் முதலில் கட்டிய வி.எச்.எஃப் ரிசீவர் அதுதான். செருகுபலகையில் கட்டினேன், ஒரு வாரம் வேலை செய்யவில்லை. செருகுபலகையின் வரிசைகளுக்கு இடையிலேயே சில பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு என்பது அப்போது தெரியாது. 100 மெகாஹெர்ட்ஸுக்கு 100 நானோஹென்றி சுருளும் 25 பிகோஃபாரட் மின்தேக்கியும் போதும். அதில் ஐந்தாறு பிகோஃபாரட்டைப் பலகையே திருடினால் எண் எங்கே போய் நிற்கும்? ஒரு சென்டிமீட்டர் கம்பியே பத்து நானோஹென்றிக்குக் கிட்ட வரும். வி.எச்.எஃப்பில் கம்பி வெறும் கம்பி இல்லை, அதுவும் ஒரு உறுப்பு. கடைசியில் செப்புத் தகட்டின் மேல், பாகங்களின் காலை ஒட்ட வெட்டிப் பற்றவைத்ததும் முதல் முயற்சியிலேயே பாடியது.

பாடியது மட்டுமில்லை, ஒலிபரப்பவும் செய்தது. ஊசலாடும் டிரான்சிஸ்டர் நேரே ஆன்டெனாவில் தொங்கினால் வேறென்ன நடக்கும்? அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படத்தில் புழு நெளிவதாகச் சொன்னார்கள். நான் ஒன்றும் தெரியாதது போல ஸ்விட்சை அணைத்தேன். முன்னால் ஒரு பஃபர் டிரான்சிஸ்டர் வைத்த பிறகுதான் வீட்டில் சமாதானம்.

#15 புதுக்காது

சோதனை முடிவுகள்!

98.0-இல் வந்த பாட்டுதான் 119.4-இலும் வந்தது. சொல்லுக்குச் சொல் அதே. 126.2-இலும் 127.8-இலும் பாட்டு இருக்கிறது, கொஞ்சம் மெலிதாக. 104.8, 106.4 நிலையங்களேதான். 114.8-இலும் ஏதோ முனகுகிறது. ஆன்டெனாவைச் சுருக்கினேன், பாட்டு மெதுவாகத்தான் குறைந்தது.

வால்வு ஐயா வென்றார். டெசிபெல் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சந்தேகம். விமானங்கள் ஏ.எம் என்று படித்தேன். என் ரிசீவரில் இருப்பதும் ஏ.எம் டிடெக்டர்தானே? பண்பலை எஃப்.எம் ஆயிற்றே. பிறகு எப்படிப் பாட்டாகக் கேட்கிறது?

#16 டெசிபெல்

கோபமா? சோதனைதான் வென்றது.

உங்கள் கொரகொரப்புக்கு விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஏ.எம்மில் ஒலிக்கேற்ப அலையின் உயரம் மாறும். எஃப்.எம்மில் உயரம் மாறாது, அதிர்வெண் இப்படியும் அப்படியும் ஊசலாடும். பண்பலையில் 75 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும். உங்கள் ஐ.எஃப் வடிகட்டியின் ஓரம் ஒரு சரிவு போல இருக்கும். அதிர்வெண் அந்தச் சரிவில் ஏறி இறங்கும்போது வெளியே வரும் அலையின் உயரம் கூடிக் குறையும். ஏ.எம் டிடெக்டருக்கு அது போதும். சரிவு நேர்கோடு இல்லை, அதனால்தான் ஒலி பிய்ந்து வருகிறது.

முறையான எஃப்.எம் ரிசீவரில் இதையே ஒழுங்காகச் செய்வார்கள். முதலில் லிமிட்டர் எனும் கட்டம் அலையின் உயரத்தை வெட்டிச் சமமாக்கும். மின்னல், மோட்டார் போன்றவற்றின் இரைச்சல் பெரும்பாலும் உயரத்தில்தான் குந்தியிருக்கும், அது அங்கேயே போய்விடும். அதற்குப் பிறகு அதிர்வெண் மாற்றத்தை மின்னழுத்தமாக்கும் டிடெக்டர். பழைய பெட்டிகளில் ரேஷியோ டிடெக்டர், பிறகு சில்லுகளில் குவாட்ரேச்சர் டிடெக்டர், பி.எல்.எல் என்று போகும்.

#17 மௌனவாசகி

எஃப்.எம் இவ்வளவு சுத்தம் என்றால் விமானங்கள் ஏன் இன்னும் ஏ.எம்மைக் கட்டிக்கொண்டு அழுகின்றன?

#18 பழைய_வால்வு

எஃப்.எம்முக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இருவர் பேசினால் பலமானவர் மட்டும் கேட்பார். மற்றவர் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாமல் மறைந்துவிடுவார். பாட்டுக்கு இது வரம். விமானத்தில்? இரண்டு விமானி ஒரே நேரத்தில் அழைக்க, ஒருவர் அவசரத்தில் இருக்க, கட்டுப்பாட்டாளருக்கு மற்றவர் குரல் மட்டும் கேட்டால் என்ன ஆகும்? ஏ.எம்மில் இருவரின் கேரியரும், அதாவது பேச்சைச் சுமக்கும் அலையும், மோதி "கீ..." என்று ஒரு சீழ்க்கை எழும். வார்த்தை புரியாவிட்டாலும் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். கட்டுப்பாட்டாளர் மறுபடி சொல்லச் சொல்வார்.

அதோடு உலகம் முழுக்கப் பறக்கும் எல்லா விமானங்களையும் தரை நிலையங்களையும் ஒரே நாளில் மாற்றவும் முடியாது. ஏ.எம்மிலேயே சேனல்களை ஒல்லியாக்கிச் சமாளிக்கிறார்கள். 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருந்ததை ஐரோப்பாவில் 8.33 ஆக்கிவிட்டார்கள். கப்பல்கள் எஃப்.எம்முக்குப் போய்விட்டன. 156.8 மெகாஹெர்ட்ஸ், அவர்களின் 16-ஆம் சேனல், அபாய அழைப்புக்கு. விமானங்களுக்கு அதே வேலையை 121.5 செய்கிறது.

#19 புதுக்காது

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எஸ்டிஆர்_பையன் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நண்பரிடம் 20 டெசிபெல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று சும்மா கிடந்தது. மாட்டிவிட்டேன்.

இப்போது எங்கே திருகினாலும் பாட்டு. 119.4-இல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நிலையம். விமானங்களைக் காணவே காணோம்.

#20 டெசிபெல்

119.4-இல் மூன்றா! இரண்டு 93.4, 106.4 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளை பிறந்துவிட்டது.

நடந்தது இது. சிக்னல் எல்லாம் 20 டெசிபெல் ஏறியது, பிம்பமும் 20 ஏறியது. கலப்பு ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏறும், ஆக 60. நேற்றுவரை இரைச்சலுக்கு அடியில் கிடந்தது இன்று தலைவிரித்தாடுகிறது.

சரி, அது உங்களுக்கு என்ன லாபம் தந்திருக்கும்? அதையும் கணக்குப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் வெறும் வெப்ப இரைச்சல் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). 8 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 39 கூட்டினால் மைனஸ் 135. உங்கள் ரிசீவர் தன் பங்குக்கு 8 டெசிபெல் இரைச்சல் சேர்க்கிறது என்று வைத்தால் மைனஸ் 127. நல்ல ஆம்ப்ளிஃபயர் அதை 2 ஆக்கலாம். கிடைக்கும் அதிகபட்ச லாபம் 6 டெசிபெல். அதுவும் சுற்றி சார்ஜர், எல்.இ.டி விளக்கு, கணினி எதுவும் இல்லாத நடுக்காட்டில். வீடுகளுக்கு நடுவே அவற்றின் இரைச்சல் ஏற்கெனவே இதற்கு மேலே நிற்கும். ஆறு டெசிபெல்லுக்கு ஆசைப்பட்டு அறுபது டெசிபெல் தொல்லையை வீட்டுக்குள் அழைத்தீர்கள்.

#21 எஸ்டிஆர்_பையன்

சரி சரி, தப்பு என் மேல்தான். ஆனால் என் அனுபவத்தில் ஆம்ப்ளிஃபயர் உதவியிருக்கிறது, பொய் சொல்லவில்லை. மாடியில் ஆன்டெனா, 30 மீட்டர் கேபிள்.

#22 டெசிபெல்

உங்கள் இடத்தில் அது நியாயம்தான். கேபிள் விழுங்கிய பிறகு எதைப் பெருக்கியும் பயனில்லை, போனது போனதுதான். அதனால் ஆம்ப்ளிஃபயரை ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்க வேண்டும், ரிசீவர் பக்கம் அல்ல. அதற்கும் முன்னால் பண்பலையைத் தடுக்கும் வடிகட்டி. புதுக்காதுக்கு வேண்டியதும் அந்த வடிகட்டிதான், பெருக்கி அல்ல.

#23 எஸ்டிஆர்_பையன்

ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு அல்ல. இப்போது யூ.எஸ்.பி குச்சி ஒன்று செருகினால் கணினித் திரையில் முழு அலைவரிசையும் தெரிகிறது. டிமாடுலேஷன் எல்லாம் மென்பொருளில். இந்தப் பிம்பம், 10.7 எல்லாம் பழங்கதை இல்லையா?

#24 சால்டர்வாசம்

அந்தக் குச்சியைத் திறந்து பார்த்திருக்கிறாய் அல்லவா? உள்ளே முதலில் நிற்பது டியூனர் சில்லு. அதில் பெருக்கி, நகரும் வடிகட்டி, ஆஸிலேட்டர், மிக்சர் எல்லாம் உண்டு. ஆர்820டி வகையில் ஐ.எஃப் 3.57 மெகாஹெர்ட்ஸ். நூறு வருடத்துச் சூப்பர்ஹெட் சுண்டுவிரல் நகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த சில்லில்தான் எண்ணாக்கம், அதுவும் 8 பிட். 8 பிட்டுக்குத் தோராயமாக 50 டெசிபெல் இடைவெளிதான் பிடிக்கும். பக்கத்தில் பண்பலைக் கோபுரம் இருந்தால் அதன் உச்சிக்கும் உன் விமானத்துக்கும் நடுவே 50-ஐத் தாண்டிவிடும். அந்தக் குச்சிகளுக்குப் பண்பலைத் தடுப்பு வடிகட்டி என்று தனியாக விற்பது வேறு எதற்காக?

ஐ.எஃப்பை எங்கே வைப்பது என்பது தீராத தகராறு. உயரே வைத்தால் பிம்பம் தள்ளிப் போகும், ஆனால் ஒல்லியான வடிகட்டி கிடைக்காது. கீழே வைத்தால் நேர்மாறு. அதனால்தான் நல்ல ரிசீவர்கள் இரண்டு தடவை மாற்றுகின்றன: முதலில் 21.4 அல்லது 45 போல உயரமான ஐ.எஃப்பில் பிம்பத்தைத் துரத்திவிட்டு, பிறகு 455 கிலோஹெர்ட்ஸில் ஒல்லியாக வடிகட்டுவது. எதிர்த்திசையில் போன குறும்புக்காரச் சில்லு ஒன்றும் உண்டு, பிலிப்ஸின் டிடிஏ7000, 1980-களின் தொடக்கத்தில் வந்தது. ஐ.எஃப் வெறும் 70 கிலோஹெர்ட்ஸ்! 75 கிலோஹெர்ட்ஸ் ஊசலாட்டம் 70-க்குள் எப்படி அடங்கும்? ஆஸிலேட்டரையும் கூடவே ஆடவிட்டு ஊசலாட்டத்தை 15 ஆகச் சுருக்கினார்கள். சரிசெய்ய ஒரே ஒரு சுருள், ஒரே சில்லு, முழுப் பண்பலை ரேடியோ. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

#25 புதுக்காது

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வடிகட்டி எப்படிக் கட்டுவது? என்னிடம் சால்டரிங் இரும்பு ஒன்று, கொஞ்சம் கோ-ஆக்சியல் கேபிள், டி வடிவக் கனெக்டர் ஒன்று இருக்கின்றன.

#26 பழைய_வால்வு

அதுவே போதும். கால் அலைநீளக் கேபிள் ஒன்றின் மறுமுனையைத் திறந்தே விட்டு, டி கனெக்டரில் பக்கவாட்டில் மாட்டினால், அந்த அதிர்வெண்ணுக்கு மட்டும் அது ஷார்ட் சர்க்யூட் போல நடக்கும். 98.0-க்கு அலைநீளம் 3.06 மீட்டர், கால்வாசி 76.5 சென்டிமீட்டர். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகும், பாலித்தீன் நிரப்பிய சாதாரணக் கேபிளில் வேகம் 0.66 மடங்கு. ஆக 50.5 சென்டிமீட்டர். முதலில் 53 வெட்டி, பாட்டைக் கேட்டுக்கொண்டே அரை அரை சென்டிமீட்டராக நறுக்குங்கள். பாட்டு அமுங்கும் இடத்தில் நிறுத்துங்கள். நறுக்கும்போது நடுக்கம்பியும் வலைக்கவசமும் ஒன்றையொன்று தொடாமல் பாருங்கள்.

#27 டெசிபெல்

ஒரு திருத்தம் வால்வு. அந்தத் துண்டு 119.4-இல் சும்மா இருக்காது. கால் அலையைவிட நீளமாகிவிடுவதால் சுருள் போல, சுமார் 18 ஓம் ஆக நடக்கும். 50 ஓம் அமைப்பில் அது விமானச் சிக்னலையே 5 டெசிபெல் அளவுக்குத் தின்னும்.

#28 பழைய_வால்வு

உண்மைதான், விட்டுவிட்டேன். சுருள் போல நடக்கிறது என்றால் மருந்தும் கையோடு இருக்கிறதே. அதே டி கனெக்டரில், நடுக்கம்பிக்கும் தரைக்கும் இடையே 75 பிகோஃபாரட் மின்தேக்கி. 119.4-இல் அதுவும் 18 ஓம், எதிர்க்குணத்துடன். இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும். 98.0-இல் துண்டு ஷார்ட்டாகவே இருக்கும், மின்தேக்கி அங்கே ஒன்றும் செய்யாது. 75 கிடைக்காவிட்டால் 68 போட்டுப் பாருங்கள், காது கண்டுபிடிக்காது.

#29 புதுக்காது

வெட்டினேன். 53, 52.5, 52... 51-இல் பாட்டு மங்கியது, 50.5-இல் போயே போய்விட்டது. கணக்கு இப்படி அச்சு அசலாகப் பலிக்கும் என்று நினைக்கவே இல்லை. மின்தேக்கி 68 தான் இருந்தது. 119.4 இப்போது அமைதியாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒன்பது விமானங்கள் கேட்டேன்.

126.2-இல் மட்டும் அந்த 104.8 இன்னும் லேசாக முணுமுணுக்கிறது. அதே கேபிளை இன்னும் கொஞ்சம் நறுக்கினால் போய்விடுமா?

#30 பழைய_வால்வு

கத்தரியைக் கீழே வையுங்கள் தம்பி! 104.8-க்கு 47.2 சென்டிமீட்டர். இருப்பதை நறுக்கினால் அது போகும், 98.0 திரும்பி வரும். இன்னொரு டி, இன்னொரு துண்டு. அதற்கும் ஒரு மின்தேக்கி தேவைப்படும், அதன் அளவு என்ன? அதை இந்த முறை நீங்களே கணக்குப் போட்டு இங்கே எழுதுங்கள், டெசிபெல் திருத்துவார்.